வால்ப்ரோயேட் மாத்திரை தொடங்குகிறவர்களுக்கு: எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்

வலிப்புக்கும், மனம் அளவு மீறி ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறுக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் சோடியம் வால்ப்ரோயேட் முக்கியமானது. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் இருக்கவும் சிலருக்குத் தருவார்கள். என்கோரேட், வால்பாரின், டைகோரேட் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்து ஒரே குடும்பம்தான்.

காரைக்குடியில் மருந்துக்கடைக் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிறவன் நான், டாக்டர் இல்லை. அதனால் அளவைக் கூட்டுங்கள், குறையுங்கள் என்று ஒரு வரிகூட இதில் இருக்காது. புதிதாக இந்த மாத்திரையை வாங்கிப் போகிறவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், கேட்க வேண்டியதிருந்தும் கேட்காமல் போகிறவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

இந்த மாத்திரையில் தடுமாறுகிறவர்கள் இரண்டு வகை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்துக் கடைசி வரி வரை படித்துவிட்டு, பயந்துபோய் அட்டையை அலமாரியில் போட்டுப் பூட்டுகிறவர்கள் ஒரு வகை. முடி கொட்டுகிறது, கை நடுங்குகிறது என்று தெரிந்தும், “டாக்டர்கிட்ட ஒரே கூட்டமா இருந்துச்சு, கேக்காம வந்துட்டேன்” என்று மாதக்கணக்கில் மனதிலேயே வைத்திருந்து, ஒருநாள் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். வலிப்பு திரும்ப வரும், முன்னைவிடப் பலமாகக்கூட வரும். பக்கவிளைவு வந்தால் சொல்ல வேண்டும், மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. கீழே வருவதெல்லாம் இதற்கான விவரம்தான்.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1882ல் பர்ட்டன் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த அமிலத்தைத் தயாரித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் இதை யாரும் மருந்தாக நினைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் மற்றப் பொருள்களைக் கரைக்கும் திரவமாகத்தான் வைத்திருந்தார்கள். 1962ல் பிரான்சில் எய்மார் என்ற ஆய்வாளர் வேறு சில மருந்துகளை இதில் கரைத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. வேலை செய்தது கரைத்த பொருள் அல்ல, கரைப்பான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. 1967ல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்கச் சாப்பிட்ட மருந்து என்பதால், இதன் கெடுதல்களும் நன்றாகத் தெரிந்தவை. எதை எப்போது எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

1. முதலில் சீட்டையும் அட்டையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்

டாக்டர் எழுதியதில் பெயருக்குப் பின்னால் ‘கிரோனோ’, ‘சி.ஆர்.’, ‘இ.ஆர்.’ என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் மருந்து மெல்ல மெல்லக் கரையும் வகை. வெறும் மாத்திரை வேறு, இது வேறு. மில்லிகிராம் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்காதீர்கள். மெல்லக் கரையும் மாத்திரையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதென்று அம்மியில் வைத்து நுணுக்கிப் பாலில் கலக்கிக் கொடுத்த வீடுகள் உண்டு. அப்படிச் செய்தால் நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், சிரப் இருக்கிறது. நடுவில் கோடு போட்ட மாத்திரையாக இருந்தாலும், பாதியாக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உடைக்க வேண்டும்.

குழந்தைக்குச் சிரப் கொடுப்பவர்கள் அதனோடு வரும் அளவு மூடியில் அளந்து கொடுங்கள். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு.

சோடியம் வால்ப்ரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். வாரத்துக்கு மொத்தமாக அட்டையிலிருந்து பிதுக்கி, டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. நாள்வாரி டப்பா வேண்டுமென்றால் அட்டையைக் கத்தரித்து, உறையோடு போட்டு வையுங்கள். அடுப்படி அலமாரியும் குளியலறைப் பக்கமும் வேண்டாம்.

கம்பெனி மாற்றுவதைப் பற்றி ஒன்று. ஒரு கடையில் சரக்கு இல்லையென்றால் வேறு கம்பெனி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. காய்ச்சல் மாத்திரையில் அது பெரிய விஷயமில்லை. வலிப்பு மாத்திரையில் முடிந்தவரை ஒரே கம்பெனியாக வாங்குங்கள். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

2. தொடங்கும் முன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

ஈரல் நோய் உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ இருந்ததா, வீட்டில் யாராவது சின்ன வயதில் காரணம் தெரியாத ஈரல் கோளாறில் இறந்தார்களா என்று டாக்டர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் சில வளர்சிதைக் கோளாறுகள் (உடம்பு சத்தைப் பிரித்துப் பயன்படுத்துவதில் வரும் குறை) இருந்தால் இந்த மருந்தே கூடாது. சொந்தத்திற்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்ட குடும்பமென்றால் அதையும் சொல்லுங்கள். பரம்பரை நோய்களைக் கணிக்கும்போது அது டாக்டருக்குப் பயன்படும் தகவல். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஈரல் பாதிக்கும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம், வேறு வலிப்பு மருந்தும் சேர்ந்து ஓடினால் இன்னும் அதிகம்.

அப்புறம், இப்போது சாப்பிடும் மற்ற மருந்துகள். அவற்றின் பட்டியல் பின்னால் வருகிறது.

மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ஈரல் செயல்பாட்டுச் சோதனையும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோடு (பிளேட்லெட்) சேர்த்து ரத்த எண்ணிக்கையும் எடுத்துவிடுவது நல்லது. பின்னால் எடுக்கும் ரிப்போர்ட்டை ஒப்பிட ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள்.

3. முதல் சில வாரங்கள்

வயிற்றைப் புரட்டும், சிலருக்கு வாந்தி வரும், பேதி ஆகும். தூக்கமாக இருக்கும், லேசாகத் தலைசுற்றும். பெரும்பாலும் உடம்பு பழகியதும் குறைந்துவிடும். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போடுவதுதான் எளிய வழி. இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும், வெறும் காப்பி போதாது.

தூக்கக் கலக்கம் இருக்கும்வரை பைக் ஓட்டாதீர்கள், ஏணியில் ஏறாதீர்கள். வலிப்புக்காகச் சாப்பிடுகிறவர் என்றால், வலிப்பு அடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை வண்டிப் பேச்சே வேண்டாம். ஊருணியில் இறங்கித் தனியாகக் குளிப்பதும், கிணற்றடியில் வாளி இழுப்பதும் அதே கணக்குதான்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

4. மெதுவாக வந்து ஒட்டிக்கொள்பவை: எடை, முடி, நடுக்கம்

உயிருக்கு ஆபத்தில்லாத இந்த மூன்றும்தான் மாத்திரையை நிறுத்தவைக்கின்றன. அதனால் இவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எடை. இந்த மருந்து பசியைத் தூண்டும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எதையாவது கொறிக்கத் தோன்றும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? தேன்குழல் ஒரு டின், சீப்புச் சீடை ஒரு டின் என்று எந்த வீட்டிலும் இருக்கும். விசேஷமென்றால் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, அதிரசம். எல்லாமே எண்ணெயும் வெல்லமும் சர்க்கரையும்தான். விருந்துக்குப் போகாதே என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னாலும் நடக்காது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாத்திரை தொடங்கும் நாளன்று எடையும் இடுப்புச் சுற்றளவும் எடுத்து எழுதிவிடுங்கள், அப்புறம் மாதம் ஒரு முறை எடுங்கள். முதல் மூன்று நான்கு கிலோவிலேயே கண்டுபிடித்துவிட்டால் திருத்தலாம். பதினைந்து கிலோ ஏறிய பிறகு “மாத்திரையாலதான்” என்று வந்து நின்றால் டாக்டர் கையிலும் வழி குறைவு. பசிக்கும் நேரத்துக்கு வேகவைத்த கடலை, வெள்ளரிக்காய், மோர் என்று எதையாவது முன்கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பலகார டின்னுக்குள் கை போவது பாதியாகக் குறையும். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் எடையைக் கட்டாயம் கவனியுங்கள். அவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மருந்து சிறுநீரில் கீட்டோன் இருப்பதுபோல் பொய்யாகக் காட்டலாம். சோதனை எடுக்கும் இடத்தில் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

முடி. சீப்பில் கொத்தாக வரும். சிலருக்கு முதல் சில மாதங்களில், பலருக்கு அளவு கூடும்போது. பெரும்பாலும் தற்காலிகம்தான், அளவைச் சரிசெய்தால் திரும்ப முளைக்கும். நேராக இருந்த முடி சுருட்டையாக முளைத்துவந்த ஆட்களும் உண்டு. சீயக்காயை மாற்றுவதாலோ விளம்பர எண்ணெய் தடவுவதாலோ பெரிதாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. முடிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். ரத்தச்சோகை, தைராய்டு இரண்டிலும் முடி கொட்டும். பழியை எல்லாம் வால்ப்ரோயேட் மேல் போட்டுவிட்டு அவற்றைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

நடுக்கம். கையை நீட்டினால், எதையாவது பிடித்தால் விரல் நுனியில் தெரியும். டபராவில் காப்பியை ஆற்றும்போது டம்ளர் கடகடக்கும், வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகாது. கொட்டான் என்ற ஓலைக்கூடை பின்னும் ஓர் ஆச்சி ஒருமுறை ஓலைப் பட்டையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். இழை ஒன்றுக்கு அடியில் ஒன்றைச் செருகும் இடத்தில், நுனி குறிக்குப் போகாமல் பக்கத்து இழையைத் தொட்டுத் தொட்டு மீண்டது. “தம்பி, வயசாயிருச்சுன்னு மருமக சொல்லுறா. போன தையில இப்படி இல்லையே” என்றார். அந்தத் தைக்குப் பிறகு அவருக்கு மாத்திரை அளவு கூட்டியிருந்தார்கள். இந்த நடுக்கம் அளவைச் சார்ந்தது. குறைத்தாலோ மெல்லக் கரையும் வகைக்கு மாற்றினாலோ தணியலாம், சிலருக்கு டாக்டர் வேறு ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார். கையால் வேலை செய்து பிழைக்கிறவர், நெசவோ ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்போ எதுவானாலும், தொழிலைச் சொல்லித்தான் வைத்தியம் கேட்க வேண்டும். தொழில் தெரியாத டாக்டருக்கு அது லேசான நடுக்கம். உங்களுக்கு அது கூலி.

நீண்ட காலம் சாப்பிடும்போது எலும்பு பலம் குறைவதுண்டு. வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

5. காத்திருக்கக் கூடாதவை

அபூர்வமாகத்தான் வரும், வந்தால் அந்த நாளிலேயே ஆஸ்பத்திரி. அடுத்த விசிட் வரை வைத்திருக்காதீர்கள்.

ஈரல்: சோர்வு, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, தொடர் வாந்தி, முகம் வீங்குதல், கண் மஞ்சளாவது, அடங்கியிருந்த வலிப்பு திடீரென்று கூடுவது. முதல் ஆறு மாதத்தில்தான் அபாயம் அதிகம். மஞ்சள் தெரிந்த பிறகுதான் ஈரல் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்பே வாந்தியும் அசதியும் வந்துவிடும். கண் மஞ்சளானால் நாட்டுமருந்து கொடுத்து மூன்று நாள் பார்ப்போம் என்ற பழக்கம் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேண்டவே வேண்டாம்.

கணையம்: மேல்வயிற்றில் பிடித்து இழுக்கும் வலி, முதுகு வரை பாயும், கூடவே வாந்தி. மாத்திரை தொடங்கி எத்தனை வருஷமானாலும் வரலாம். வாயு, நெஞ்செரிச்சல் என்று சோடா குடித்துக் காலம் கடத்தாதீர்கள்.

ரத்தம்: பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு, மூக்கில் அடிக்கடி ரத்தம். தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போகும்முன் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அம்மோனியா: இதை ஈரல் சோதனை மட்டும் எடுத்துப் பார்த்தால் பிடிக்க முடியாது. ஈரல் ரிப்போர்ட் சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அம்மோனியா ஏறிவிடலாம். ஆள் மந்தமாகிவிடுவார், பேச்சு தடுமாறும், சொன்னதையே சொல்வார், வாந்தியும் வரலாம். டோபிராமேட் என்ற மருந்தும் கூடச் சாப்பிட்டால் அபாயம் அதிகம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, இரண்டாம் கட்டு தாண்டி ஆள் நடமாட்டமில்லாத பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பத்தா, ஐயாக்களை நினைத்துத்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். அவர்கள் மந்தமானால் “வயசு, மறதி” என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சமையலுக்கு வருகிற அம்மாவிடமாவது சொல்லிவையுங்கள்: ஆள் திடீரென்று குழம்பினால், பகலெல்லாம் தூங்கினால் போன் செய்யுங்கள் என்று. போனில் பேசும் பிள்ளைகளும் “சாப்பிட்டீங்களா” என்பதோடு நிறுத்தாமல், கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில், அம்மோனியா பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

தோல்: காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல்.

மனம்: வாழ்க்கை போதும் என்ற எண்ணம் வந்தால், அது நோயாலா மாத்திரையாலா என்று ஆராயும் நேரமில்லை. வலிப்பு மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்த எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008ல் வெளியிட்டது. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே எந்த நேரமும் பேசலாம்.

வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. கையில் சாவிக்கொத்து கொடுப்பதெல்லாம் ஒரு பயனும் இல்லை. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருந்தாலே போதும்.

6. கல்யாண வயதுப் பெண் இருக்கிற வீட்டில்

மேலே சொன்னதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கர்ப்பகாலத்தில் தாய் வால்ப்ரோயேட் சாப்பிட்டிருந்தால் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பொதுவாக இது இரண்டு மூன்று பேருக்குத்தான். முதுகெலும்பு மூடாமல் போவது, அன்னப்பிளவு, இதயக் குறை ஆகியவை இதில் அடங்கும். பார்வைக்கு நன்றாக இருக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு முப்பது நாற்பது பேருக்குப் பேச்சு, நடை, படிப்பு ஆகியவற்றில் பின்தங்கல் வருகிறது. அளவு கூடக் கூட அபாயமும் கூடும். இதனால்தான் 2018ல் ஐரோப்பிய நாடுகள் கர்ப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றுக்கு உட்படாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைத் தரக் கூடாது என்று விதி போட்டன.

டாக்டர் இந்த மருந்தை எழுதும்போதே “ஏன் இது? என் பெண்ணுக்கு வேறு இல்லையா?” என்று பெற்றவர்கள் கேட்க வேண்டும். வலிப்புக்கு லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்றவை உள்ளன, அவற்றில் இந்த அபாயம் மிகக் குறைவு. மனநிலை நோய்க்கும் வேறு வழிகள் உள்ளன. ஒரு சிலருக்கு மட்டும் வால்ப்ரோயேட்டைத் தவிர வேறு எதற்கும் வலிப்பு அடங்காது. அந்த முடிவைப் பெண்ணுக்கும் தெரியும்படி பேசி எடுக்க வேண்டும். மாற்றுவதற்கும் மாதக்கணக்கில் நேரம் ஆகும். ஆகவே கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு யோசிக்கிற விஷயமில்லை இது.

மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி, பருக்கள் என்றால் சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம். இந்த மாத்திரையில் அதுவும் கூடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வால்ப்ரோயேட்டின் அளவை ரத்தத்தில் குறைக்கலாம். எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்று மகப்பேறு டாக்டரிடம் கேட்க வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டர் தருவார். அது நல்லதுதான், ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் என்று தெரிந்துவிட்டால்? பதறி அன்றைக்கே மாத்திரையை விட்டுவிடாதீர்கள். நிற்காத வலிப்பு தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. அன்றோ மறுநாளோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

நம் பக்கத்தில் பேசாத ஒன்றையும் பேசிவிடலாம். சம்பந்தம் பேசும்போது நோயை மறைத்துவிட்டு, “கல்யாணமானா சரியாப் போகும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையைப் புடவை மடிப்பில் ஒளித்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் தனிமை கிடைக்காத நாளில் ஒரு வேளை போகும், விருந்தாளி வந்த நாளில் இரண்டு வேளை போகும். வலிப்பு பந்தலிலோ பந்தியிலோ எல்லார் முன்னாலும் வரும். கர்ப்பம் தரித்தால் டாக்டரிடமும் சொல்ல முடியாது. மானம் போகும் என்று மறைத்ததால் கடைசியில் உயிர் போகும் நிலை. மாப்பிள்ளைக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், தெரியும்.

ஆண்களுக்கும் ஒரு வரி. பிள்ளை தரிக்கும் முன் மூன்று மாதம் தந்தை இந்த மாத்திரையில் இருந்தால் குழந்தையின் வளர்ச்சியில் சிறிய அபாயம் இருக்கலாம் என்று 2024 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை முன்னெச்சரிக்கை கொடுத்தது. புதுமாப்பிள்ளைகளும் டாக்டரிடம் பேசுங்கள்.

7. ஒரு நோட்டுப் போடுங்கள்

பர்மா, மலாயா வரை போய்ப் பேரேடு எழுதிய ஊரில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எந்த வேளை என்ன அளவு, அன்றைய தொந்தரவு, வலிப்பு வந்ததா, எவ்வளவு நேரம், தூக்கம் எத்தனை மணி. மனநிலைக்காகச் சாப்பிடுகிறவர் என்றால் மனம் எப்படி இருந்தது என்று இரண்டு வார்த்தை. மாதம் ஒருமுறை எடை. டாக்டர் முன் உட்காரக் கிடைப்பது சில நிமிடம்தான். “கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கு” என்றால் அவர் என்ன செய்வார்? “ஐப்பசி 10ஆம் தேதி அளவு கூட்டியதிலிருந்து வலது கை நடுங்குகிறது, காலையில்தான் அதிகம்” என்று நோட்டைத் திறந்து காட்டினால் வேலை நடக்கும். கேட்க வேண்டிய கேள்விகளைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் அதிலேயே ஒட்டுங்கள். முதல் ஆறு மாதத்தில் ஈரலும் ரத்த எண்ணிக்கையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். ஈரல் என்சைம் லேசாக ஏறியிருந்தால் உடனே பதற வேண்டியதில்லை, அது அடிக்கடி நடப்பதுதான். எவ்வளவு ஏறினால் என்ன செய்வது என்று டாக்டர் முடிவு செய்வார். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னால், காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள். வழக்கமாக மில்லி லிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் என்பது வலிப்புக்கான வரம்பு. மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் எண் ஏறித் தெரியும், வீணான குழப்பம்.

8. கூடச் சேரக் கூடாதவை

லாமோட்ரிஜின்: வால்ப்ரோயேட் இதன் அளவை ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். இரண்டையும் டாக்டரே சேர்த்துத் தருவதுண்டு, ஆனால் மிகச் சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் உயிரைப் பறிக்கும் தோல் உரிதல் வரலாம்.

ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள்: ரத்தக்கசிவு கூடும். இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தாமல் இரண்டு டாக்டருக்கும் சொல்ல வேண்டும்.

மெரோபெனம் வகை ஊசிகள்: கடுமையான தொற்றுக்கு ஐ.சி.யூ.வில் போடுவது. இது வால்ப்ரோயேட் அளவை ஓரிரு நாளில் அடித்து இறக்கிவிடும், வலிப்பு திரும்பும். மதுரைக்கோ திருச்சிக்கோ அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்த மாத்திரை அட்டையும் கையில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மது கூடாது. தூக்கக் கலக்கத்தையும் ஈரல் சுமையையும் சேர்த்து ஏற்றும்.

நாட்டு மருந்து, லேகியம், பெயர் தெரியாத பொடி: வேண்டாம் என்று சொன்னால் கேட்கப் போவதில்லை, தெரியும். அப்படியானால் அந்தப் பொட்டலத்தை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

9. விரதமும் பாதயாத்திரையும்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். விரதம் என்பதற்காக மாத்திரையை விடாதீர்கள். ஒரு வாழைப்பழமோ ஒரு டம்ளர் பாலோ எடுத்துக்கொண்டு போடலாம், முருகன் கோபிக்க மாட்டான். உண்மையான ஆபத்து தூக்கமின்மை. விடியுமுன் எழுந்து நடப்பதும் இரவில் சரியாகத் தூங்காததும் வலிப்பையும் தூண்டும், மனநிலை எகிறுவதையும் தூண்டும். போகலாமா என்று முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். போவதென்றால் விஷயம் தெரிந்த ஒருவர் உடன் நடக்க வேண்டும். மாத்திரையைப் பெரிய சுமை மூட்டையில் கட்டி வண்டியில் ஏற்றிவிடாமல், இடுப்புப் பையிலேயே வையுங்கள். வழியில் வாந்தி பேதி என்றால் நடையை நிறுத்திவிடுங்கள். மாத்திரை உடம்பில் தங்காது.

10. நிறுத்துவது, மாற்றுவது, வாங்குவது

வலிப்பு வந்து ஒரு வருஷமாகிவிட்டது, இனி எதற்கு என்ற கேள்வி வரும். வராததற்குக் காரணமே மாத்திரையாக இருக்கலாம். நிறுத்துவதென்றால் டாக்டர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். ஒரே நாளில் நிறுத்தினால் நிற்காமல் அடுத்தடுத்து வலிப்பு வரும் நிலை ஏற்படலாம். பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றாலும் இதே வழிதான். ஐந்தாவது பகுதியில் சொன்ன அவசர அறிகுறிகள் வந்தால் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். அங்கே அவர்கள் நிறுத்தச் சொன்னால் வலிப்பைக் கட்டுப்படுத்த வேறு ஏற்பாடு செய்வார்கள்.

சந்தேகம் கேட்க 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் இருக்கிறது. காரைக்குடி அரசு மருத்துவமனை, சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் பார்க்கலாம். அரசு மருத்துவமனையில் இந்த மருந்து விலையில்லாமல் கிடைக்கும், தனியாரில் தொடர முடியாதவர்கள் காசில்லை என்று இடையில் விட வேண்டியதில்லை. மாத்திரையால் மோசமான விளைவு வந்தால் நோயாளியே புகார் பதியவும் முடியும். தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. மாத்திரைப் பெயர், தொகுப்பு எண், தொடங்கிய தேதி கேட்பார்கள், அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்துப் பேசுங்கள்.

கடைசியாக எங்கள் கடைப் பக்கத்துக் கோரிக்கை. அட்டையில் ஒரு வாரத்து மாத்திரை மீதி இருக்கும்போதே சீட்டோடு வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலி அட்டையை நீட்டினால், அதே கம்பெனி, அதே வகை அன்றைக்குக் கையிருப்பில் இருக்கும் என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது.